உழைப்பின் வம்சாவளி

அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. வேலை தருகிறேன் என்று எந்த நிறுவனமும் முன்வர வேண்டியதில்லை. இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் சான்று வாங்கவும் வேண்டியதில்லை. அறிவியல், கலை, கல்வி, வணிகம், விளையாட்டு ஆகியவற்றுள் ஒன்றில் அசாதாரணத் திறன் கொண்டவர் தன் பெயரிலேயே மனுப் போட்டு நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். 1990-இல் வந்த சட்டம் திறந்துவைத்த வழி இது. எங்கள் வட்டத்தில் ‘இபி-1ஏ’ என்போம். நான் நெல் விஞ்ஞானி. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில், காவிரியின் கடைமடைக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். கலிபோர்னியாவில் எனக்குக் கிரீன் கார்டு கிடைத்தது இந்த வழியில்தான்.

அதற்குப் பிறகு தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் என்னைத் தேடிப் பேசத் தொடங்கினார்கள். பூச்சியியல், மண்ணியல், உயிரித் தொழில்நுட்பம் என்று துறை வேறுபடும். முதல் கேள்வி மட்டும் மாறாது. “அக்கா, அசாதாரணத் திறன்னு போட்டிருக்கே, அந்த அளவுக்கு நான் ஆளா?” கேட்கும்போதே குரல் தாழ்ந்துவிடும். தன் பெருமையைத் தானே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு வரும் கூச்சம் அது. அவர்களுக்கு நான் சொல்லிவரும் பதிலை ஒரு முறை விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் வேலை உங்கள் கையை விட்டுப் போன பிறகு எங்கெங்கே போனது, அதை வைத்து யார் யார் என்ன செய்தார்கள் என்பதைத்தான் அந்த மனு கேட்கிறது. அந்தக் கணக்கை நேர்மையாக எழுதத் தெரிந்தவர் கூச்சப்பட ஒன்றுமில்லை.

என் வேலை எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் மீதி விளங்கும். மேட்டூர் அணையில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பது மரபு. கல்லணைக்கு வந்த பிறகு அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போகும். மேல்மடையில் குறுவை நடவு நடக்கிற நாட்களில் எங்கள் பக்கத்து வாய்க்கால் காய்ந்தே கிடக்கும். ஆகவே திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், கீழ்வேளூர்ப் பகுதிகளில் சம்பாவுக்கு நாற்று விடாமல், காய்ந்த மண்ணைப் புழுதியாக உழுது விதையை நேரடியாகத் தெளித்துவிட்டு மழைக்குக் காத்திருப்பவர்கள் அதிகம். விதைத்த சில நாளில் பெருமழை கொட்டிவிட்டால் வயல் குளமாகிவிடும். களிமண் நிலம், சீக்கிரம் வடியாது. தண்ணீருக்கு அடியில் விதை அழுகிப்போகும். மறுபடி விதை வாங்கி மறுபடி தெளிக்க வேண்டும். அந்த இரண்டாம் விதைப்புக்கு அப்பா கடன் வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். விதை ஏன் அழுகுகிறது என்ற கேள்வியோடுதான் வேளாண்மை படிக்கப் போனேன்.

ஆக்சிஜன் இல்லாத இடத்தில் முளைப்பது தானியங்களில் அரிய திறன். கோதுமையும் பார்லியும் அப்படி முளைப்பதில்லை. நெல் முளைக்கும், ஆனால் அரைகுறையாக. வேர் விடாது, குருத்தை மூடியிருக்கும் உறை மட்டும் நீளும். விதையில் இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அதை நொதிக்கவைத்துக் கிடைக்கிற சொற்ப ஆற்றலில் அந்த உறை மேல்நோக்கி வளர்கிறது. நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டால் அதன் வழியே காற்று உள்ளே இறங்கும், பிறகு வேரும் இலையும் வரும். தொடுவதற்குள் இருப்புத் தீர்ந்துபோனால் விதை செத்துவிடும். மியான்மரின் ‘காவ் லான் ஆன்’ என்ற நாட்டு ரகம் இதில் மிகத் தேர்ந்தது. அந்தத் திறனுக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றைப் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் 2015-இல் அடையாளம் காட்டினார்கள்.

என் பங்கு அதைவிடச் சிறியது. கண்ணாடித் தட்டில் தண்ணீர் ஊற்றிச் சோதித்தால் நன்றாக முளைக்கிற ரகம், சேற்றுக்குள் புதைந்தால் முளைக்காமல் போவதுண்டு. வயல் மண்ணையே எடுத்துவைத்து, நீரின் ஆழத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தி, பல ரகங்களை ஒரே சமயத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை முறை ஒன்றை உருவாக்கினேன். கோயம்புத்தூரில் முனைவர் பட்டத்துக்காகத் தொடங்கிய வேலை, கலிபோர்னியாவில் முழுமை பெற்றது. அங்கே சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் ஊறவைத்த விதையைச் சிறு விமானத்திலிருந்து, தண்ணீர் நிற்கும் வயலில் தூவுகிறார்கள். களையை அடக்க அது ஒரு உத்தி. எங்கள் ஊர் விவசாயி அஞ்சுகிற நிலையை அந்த ஊர் விவசாயி தானே உண்டாக்குகிறார். நீருக்கடியில் எந்த விதை பிழைக்கும் என்ற கேள்வி இருவருக்கும் பொது.

நான் போனது ஜே-1 விசாவில். முனைவர் பட்டம் முடித்து ஆய்வாளராகப் போகிற பலருக்கு அதுதான் முதல் படி. பட்டியலிட்ட துறைகளில் இருந்து அந்த விசாவில் போன இந்தியர்கள், காலம் முடிந்ததும் இரண்டு ஆண்டு ஊர் திரும்பி இருக்க வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. 2024 டிசம்பரில் அந்தப் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டார்கள். என் காலத்தில் மாநில அரசு, மத்திய அரசு, பாஸ்போர்ட் அலுவலகம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கித்தான் விலக்குப் பெற முடிந்தது. அதன் பிறகு எச்-1பி. அது வேலை தருகிறவரோடு பிணைந்த அனுமதி. ஆராய்ச்சி மானியமோ இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான் வரும். மானியம் தீர்ந்தால் வேலை போகும். வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். இந்த நிலையில் இருக்கும் விஞ்ஞானி, எந்தக் கேள்வி முக்கியம் என்று பார்ப்பதை விட்டு, எந்தக் கேள்விக்குப் பணம் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுவார். கடைமடைச் சம்பா விதைப்பை என் ஆராய்ச்சியிலிருந்து விட்டுவிட எனக்கு மனமில்லை. நானே மனுப் போடக்கூடிய வழியை நான் தேடியதற்குக் காரணம் இதுதான்.

சட்டம் இரண்டு வாசல் வைத்திருக்கிறது. நோபல் போல உலகறிந்த பரிசு ஒன்று இருந்தால் அதுவே போதும். இல்லாதவர்கள் பத்து அளவுகோல்களில் மூன்றையாவது எட்ட வேண்டும். தேசிய அல்லது சர்வதேச அங்கீகாரம் பெற்ற பரிசுகள், சாதித்தவர்களை மட்டுமே சேர்க்கும் சங்கங்களில் உறுப்பினராக இருப்பது, பெரிய ஊடகங்களோ துறை இதழ்களோ உங்களைப் பற்றி எழுதியது, பிறர் வேலையை நடுவராக இருந்து மதிப்பிட்டது, துறைக்கு மிக முக்கியமான சொந்தப் பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், கண்காட்சிகளில் படைப்பு இடம்பெற்றது, புகழ்பெற்ற நிறுவனத்தில் தலைமைப் பொறுப்பு அல்லது இன்றியமையாத பொறுப்பு, துறையில் மற்றவர்களைவிட உயர்ந்த ஊதியம், நிகழ்கலையில் வணிக வெற்றி. பெரும்பாலான விஞ்ஞானிகள் நம்பியிருப்பது கட்டுரைகள், நடுவர் பணி, சொந்தப் பங்களிப்பு என்ற மூன்றை. கட்டுரைப் பட்டியலைக் காட்டிவிடலாம். ஆய்விதழ்கள் மதிப்பீட்டுக்கு அழைத்த மின்னஞ்சல்களையும், முடித்துக் கொடுத்ததற்கான நன்றிக் கடிதங்களையும் எடுத்து வைத்துவிடலாம். பங்களிப்பு முக்கியமானது என்று காட்டுவதுதான் மலை ஏறுகிற வேலை.

இந்த மனுக்களைப் படிக்கும் முறையை ஒரு வழக்கு மாற்றியது. போகோஸ் கசாரியன் என்ற கோட்பாட்டு இயற்பியலாளரின் மனுவைக் குடிவரவுத் துறை மறுத்தது. கட்டுரை எழுதியிருந்தால் மட்டும் போதாது, அதை ஆய்வுலகம் எப்படி ஏற்றுக்கொண்டது என்றும் காட்ட வேண்டும் என்பது குடிவரவுத் துறையின் வாதம். 2010-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தில் எழுதாததை முதல் கட்டத்திலேயே கேட்கக் கூடாது என்றது. முதலில் அளவுகோல்களை எண்ண வேண்டும். மூன்று இருந்தால் பிறகு எல்லாச் சான்றுகளையும் சேர்த்துவைத்து, இவர் துறையின் உச்சியில் உள்ள சிலரில் ஒருவரா என்று எடைபோட வேண்டும். கசாரியனுக்கு இரண்டுதான் தேறியது, ஆகவே அவர் தோற்றார். ஆனால் அதன் பிறகு மனுக்களை அந்த இரண்டு கட்டங்களில் படிப்பதே வழக்கமாயிற்று. அதே 2010-இல் வந்த சாவத்தே என்ற முடிவும் விண்ணப்பிப்பவருக்குத் துணை. துளி ஐயமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று அது உறுதிப்படுத்தியது. பயந்துகொண்டு என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் இந்த இரண்டையும் முதலில் படிக்கச் சொல்கிறேன். விதி தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

என் வழக்கறிஞர் முதல் சந்திப்பிலேயே ஒன்று சொன்னார். “உங்களைப் புகழும் சொற்கள் எனக்கு வேண்டாம். உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு, நீங்கள் பார்த்தே இராத ஒருவர் எதை மாற்றிச் செய்தார்? அதைக் கொண்டுவாருங்கள்.” அதைக் கேட்டதும் எனக்கு டி.கே.எம். 6 நினைவுக்கு வந்தது. சென்னைக்கு அருகே திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1950-களின் தொடக்கத்தில் வந்த ரகம் அது. கோயம்புத்தூரில் வெளிவந்த ஜி.இ.பி. 24 அதன் பெற்றோரில் ஒன்று. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் அதற்கு இருந்தது. அந்தக் குணத்துக்காகவே பிலிப்பைன்ஸில் அதைக் கலப்பில் சேர்த்தார்கள், 1969-இல் ஐ.ஆர். 20 பிறந்தது. அது திரும்பி வந்து தஞ்சாவூர்ச் சம்பா, தாளடி வயல்களை நிரப்பியது. டி.கே.எம். 6 சிறந்தது என்பதற்கு, அதை வெளியிட்டபோது எழுதிய அறிவிப்பு சான்றாகாது. வேறு நாட்டில் வேறு ஒருவர், உலகமெல்லாம் திரட்டிய விதைகளுக்கு நடுவே அதைத் தேடி எடுத்துக் கலந்தார் என்பதே சான்று. நெல் வளர்ப்பாளர்கள் வம்சாவளி அட்டவணை போடுவார்கள். என் வேலைக்கும் அப்படி ஒரு வம்சாவளி போட வேண்டும் என்று புரிந்தது.

போட்டேன். என் கட்டுரைகளை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து முழுதும் படித்தேன். அவை மூன்று வகையாகப் பிரிந்தன. முன்னுரையில் நாலைந்து பெயரோடு என் பெயரையும் சொல்லிவிட்டுப் போனவை ஒரு வகை. என் முடிவைத் தங்கள் முடிவோடு ஒப்பிட்டு விவாதித்தவை இன்னொரு வகை. என் சோதனை முறையை எடுத்துத் தங்கள் ரகங்களை அதில் போட்டுப் பார்த்தவை மூன்றாவது வகை. மனுவுக்கு உயிர் கொடுப்பது இந்த மூன்றாவதுதான். அவற்றில் என் முறை எந்தப் பக்கத்தில், எந்த வாக்கியத்தில் வருகிறது என்று கோடிட்டு, அந்தக் குழு எந்த நாட்டில் இருக்கிறது, அதை வைத்து எந்தெந்த வரிசைகளைக் கழித்தார்கள், எதை மேலே கொண்டுபோனார்கள் என்று அட்டவணை செய்தேன். மொத்த மேற்கோள் எண்ணிக்கையைக் காட்டும்போதும் துறைக்குத் துறை அளவு வேறு என்பதை விளக்க வேண்டியிருந்தது. புற்றுநோய் ஆராய்ச்சியில் சாதாரணமாகத் தெரியும் எண், நெல் விதை உடலியங்கியலில் மிகப் பெரிய எண்ணாக இருக்கும். இதை எடுத்துச் சொல்லாவிட்டால் படிக்கும் அதிகாரிக்குத் தெரிய வழியில்லை.

கட்டுரைகளுக்கு வெளியேயும் தேடச் சொல்கிறேன். வேளாண் விஞ்ஞானியின் வேலை பாதிக்கு மேல் இதழ்களில் வருவதில்லை. பயிற்சிக் கையேட்டில் வரும். விரிவாக்கத் துண்டறிக்கையில் வரும். விதைப்பு முன்னெச்சரிக்கையாக உள்ளூர் வானொலியில் வரும். இவை தமிழில் இருந்தால் என்ன? ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து, அது முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டால் அவை ஏற்கத்தக்க சான்றுகள்தான். டெல்டாப் பிள்ளைகள் பலர் இவற்றைச் சான்று என்றே நினைப்பதில்லை. வெளிநாட்டு இதழில் வந்ததை மட்டும் அடுக்குகிறார்கள். ஒரு முறை அல்லது ஒரு ரகம் விவசாயி வரை போய்ச் சேர்ந்தது என்பதைவிட வலுவான சான்று எங்கள் துறையில் எது?

அடுத்து பரிந்துரைக் கடிதங்கள். உங்கள் வழிகாட்டியும் உடன் பணிபுரிந்தவர்களும் எழுதலாம். அவர்களுக்குத்தான் நுணுக்கம் தெரியும். ஆனால் எடை கூடுவது, உங்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிபுணர் எழுதும்போது. இதை விளக்க நான் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜனைத்தான் எடுத்துக்கொள்வேன். அவருக்குப் பட்டம் கிடையாது. 1912 மார்ச் முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் எழுத்தர் வேலை. 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த கணிதர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவரே தேர்ந்த கணிதர். ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாமல் சில ஆண்டு இவரைக் கணிதத்தில் விட வேண்டும் என்ற கருத்தில் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டதாரிக்குத்தான் என்று விதி இருந்தும், சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. 1914 தொடக்கத்தில் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த கணிதர் நெவில் அவரை நேரில் பார்த்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஆண்டுக்கு 250 பவுண்டு ஒதுக்கினார்கள். மார்ச் 17-ஆம் தேதி ராமானுஜன் ‘நெவாசா’ கப்பலில் புறப்பட்டார்.

அந்தக் கடிதங்கள் ஏன் வேலை செய்தன? எழுதியவர்களுக்கு அவரால் ஆதாயம் எதுவும் இல்லை. கேள்விப்பட்டதை எழுதாமல், நோட்டுப் புத்தகத்தைத் தாங்களே பார்த்து எழுதினார்கள். இவருக்கு இன்னது செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகும் நல்ல கடிதத்துக்கு இலக்கணம் இதுவே. எனக்கு எழுதியவர்களில் ஒருவர், என் முறையைத் தன் வளர்ப்புத் திட்டத்தில் சேர்த்த பிறகு எந்தச் சோதனையை நிறுத்தினார் என்று ஒரே பத்தியில் எழுதியிருந்தார். மனுவில் இருந்த எல்லாப் புகழுரைகளையும்விட அந்தப் பத்தி கனமானது.

இந்த மனுவில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது ‘நான்’ என்ற சொல்தான். நெல் ஆராய்ச்சி ஒற்றை ஆளின் வேலை அல்ல. பாத்தி கட்டுகிறவர்கள், நடுகிற பெண்கள், விதை எண்ணி உறையில் போடுகிற உதவியாளர்கள், தரவைச் சரிபார்க்கும் மாணவர்கள் எல்லோருமாகச் செய்வது. மனுவோ தனி ஒருவரின் திறனைக் கேட்கிறது. மற்றவர் பங்கைச் சொன்னால் தன் பங்கு குறைந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். நான் நேர்மாறாகச் செய்தேன். மரபணுவை அடையாளம் கண்டது இந்தக் குழு, ரகங்களைத் தந்தது இந்த விதை வங்கி, வயல் சோதனையை நடத்தியது இன்னார், சோதனை முறையை வடிவமைத்துச் சரிபார்த்தது நான் என்று எல்லை பிரித்து எழுதினேன். எல்லை தெளிவாக இருந்ததால், அதற்குள் இருப்பதை யாரும் ஐயப்பட இடமில்லாமல் போயிற்று. நம் பங்கை மிகைப்படுத்தாமல் சொன்னால் கூச்சமும் வராது. அகந்தைக்கும் உண்மைக்கும் இடையே இருக்கும் கோடு இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கட்டுரையில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னொட்டாக, திருமணத்துக்குப் பின் கணவர் பெயர் என்று ஒரே ஆள் பல பெயரில் இருப்போம். அத்தனையும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வைக்க வேண்டும். ஆய்வாளரை அடையாளம் காட்ட 2012 முதல் இருக்கும் ஆர்க்கிட் (ORCID) எண்ணை முதல் கட்டுரையிலேயே சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். பிறப்புச் சான்றிதழ் இன்னொன்று. கிராமத்தில், வீட்டில் பிறந்த பலருக்குப் பதிவே இருக்காது. இருந்தாலும் குழந்தையின் பெயர் ஏறியிருக்காது. பெயர் இல்லையென்றால் பதிவு செய்த அலுவலகத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பதிவே இல்லையென்றால் இல்லை என்று ஒரு சான்று வாங்கி, பிறப்பை அறிந்த உறவினர்களின் உறுதிமொழியையும் பள்ளிச் சான்றிதழையும் இணைக்க வேண்டும். அம்மா, பெரியம்மா இருக்கும்போதே இதைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

நான் மனுவை அனுப்பியது 2010-களின் நடுவில். குடிவரவுத் துறையிலிருந்து கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வந்தது. கட்டுரைகளையும் நடுவர் பணியையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பங்களிப்பின் முக்கியத்துவத்தைத்தான் மேலும் விளக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் இந்தக் கடிதம் வந்தால் மனம் உடைந்துபோகிறார்கள். தேவையே இல்லை. அதிகாரி எதை ஏற்றார், எதில் தயங்குகிறார் என்று எழுத்தில் சொல்லும் கடிதம் அது. தயக்கம் எங்கேயோ அங்கே மட்டும் பதில் சொல்ல வேண்டும். வம்சாவளி அட்டவணையை விரிவாக்கி, என் முறையைப் பயன்படுத்திய இரண்டு வளர்ப்புத் திட்டங்களின் ஆவணங்களைச் சேர்த்து அனுப்பினேன். மனு ஏற்கப்பட்டது. பிறகு மருத்துவப் பரிசோதனை, கைரேகை, கார்டு.

இன்று இதே மனுவை அனுப்புகிறவருக்கு அதற்கு மேல் ஒரு காத்திருப்பு இருக்கிறது. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. அதில் இபி-1ஏ அடங்கிய இபி-1 பிரிவுக்கு 28.6 விழுக்காடு. எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடையாது, மற்றவர்கள் எடுக்காமல் மிஞ்சினால் ஒழிய. எனக்கு மனு ஏற்கப்பட்ட காலத்தில் இபி-1 வரிசை இந்தியருக்குத் திறந்திருந்தது. 2024 அக்டோபர் விசா அறிக்கையில் இந்தியருக்கான இபி-1 வரிசை 2022 பிப்ரவரி 1-ஆம் தேதிக்கு முன் மனுப் போட்டவர்கள் வரைதான் வந்திருந்தது. தேசிய நலன் அடிப்படையில் மனுப் போடும் இபி-2 வழிக்கு, 2016-இல் வந்த தனசார் முடிவு தெளிவான அளவுகோல் தந்தது; ஆனால் அதே அறிக்கையில் இபி-2 இந்தியாவின் தேதி 2012 ஜூலை. இங்கே பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. கணவனோ மனைவியோ யாழ்ப்பாணத்தில் பிறந்தவராக இருந்தால் இலங்கையின் கணக்கில் இருவரும் போகலாம். அங்கே இந்த நெரிசல் இல்லை. காத்திருக்கும் காலத்தில் பிள்ளைக்கு 21 வயது கடந்தால் அது பெற்றோரின் மனுவிலிருந்து விழுந்துவிடும் அபாயம் உண்டு. 2002-இல் வந்த பாதுகாப்புச் சட்டம் சிலரைத்தான் காக்கிறது. திறன் ஒன்றாக இருக்க, பிறந்த மண்ணைப் பார்த்து ஒருவரைப் பத்தாண்டு நிறுத்திவைப்பது அநீதி என்பதே என் உறுதியான கருத்து.

காத்திருப்பு நீளநீள, குறுக்கு வழி விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். காசு கொடுத்தால் விருது, சந்தா கட்டினால் சங்க உறுப்பினர், பெயர் சேர்க்கப் பணம், மேற்கோளுக்குப் பணம். 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசே, பத்து லட்சம் டாலர் நன்கொடை கொடுப்பவருக்கு அதைத் தகுதிச் சான்றாக எடுத்துக்கொள்ளும் திட்டத்தை அறிவித்தது. பணத்தைத் திறனுக்குச் சான்றாக வைப்பது தவறு என்று நினைக்கிறேன். விலைக்கு வாங்கிய விருது பிடிபட்டால் அந்த மனு மட்டும் போகாது. வாழ்நாள் உழைப்பின் பெயரும் போகும். உண்மையான வேலை செய்த பிள்ளைகள் பொறுமையிழந்து இதில் விழுவதைப் பார்க்கும்போது மிகவும் வருந்துகிறேன்.

“நல்லாப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் போயிட்டா ஊர்ல யாரும்மா இருக்கறது?” என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் 1925-இல் கும்பகோணத்தில் பிறந்தவர். 1952-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, விஸ்கான்சினில் ஆராய்ச்சி செய்தபோது அங்கேயே ஆசிரியப் பதவி தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டு 1954-இல் திரும்பினார். கட்டாக்கில் இந்திய நெல்லையும் ஜப்பானிய நெல்லையும் கலக்கும் திட்டத்தில் சேர்ந்தார். அந்தத் திட்டத்தின் வழியே வந்ததுதான் 1965-இல் வெளியாகிக் குறுவைப் பட்டத்தையே மாற்றிய ஆடுதுறை 27 என்ற நெல் ரகம். அவர் முடிவின் முன் நான் தலைவணங்குகிறேன். என் வழி வேறு. நிரந்தர வசிப்புரிமை கிடைத்த பிறகுதான், மானியம் போய்விடுமோ என்ற பயமில்லாமல் கடைமடைக் களிமண்ணில் சோதனை வைக்க என்னால் முடிந்தது. விதைப்புக் காலத்தில் ஊருக்கு வந்து தங்குகிறேன். ஓராண்டுக்கு மேல் வெளியே இருப்பதானால் முன்கூட்டியே மறுநுழைவு அனுமதி வாங்கிக்கொள்ளலாம். அது இரண்டு ஆண்டு வரை செல்லும். ஊரைக் கைவிடாமலும் இந்த உரிமையை வைத்திருக்க முடியும் என்பது பலருக்குத் தெரியவில்லை.

கடைசியாக, மனுப் போடுகிறவர்களைவிட மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஆராய்ச்சி நிலையங்களில் ஒரு ரகம் வெளிவரும்போது நிலையத்தின் பெயர் நிற்கிறது. எந்த இளைஞர் எந்தக் கலப்பைச் செய்தார், எந்தப் பெண் எந்த ஆண்டு எந்த வரிசையைத் தேர்ந்தெடுத்தார் என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. பங்களிப்பைப் பெயரோடும் தேதியோடும் பதிவு செய்யுங்கள். இளையவர் ஒருவர் கடிதம் கேட்டால், அவர் வேலையை நீங்களே படித்துவிட்டு, அது எதை மாற்றியது என்று எழுதிக் கொடுங்கள். அவர் கலிபோர்னியாவுக்குப் போகலாம், ஆடுதுறையிலேயே இருக்கலாம். எங்கே இருந்தாலும், தான் செய்தது இன்னது என்று நிமிர்ந்து சொல்லும் உரிமை ஒவ்வொரு விஞ்ஞானிக்கும் உண்டு. அந்த உரிமையைக் காக்கும் ஆவணங்களை உண்டாக்குவது மூத்தவர்களாகிய நம் கடமை.